புதுப்பிப்பு: என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வும் டிகாக்சின் கேள்வியும்

அமெரிக்காவில் நடைமுறைச் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ்-பிஎன் (NCLEX-PN) தேர்வுக்கு மருந்து விவரங்களை மனப்பாடம் செய்தால் போதுமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன்; போதாது என்பதே இப்போது என் உறுதியான கருத்து. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள வடிவத்தில், ஒரே நோயாளியைப் பற்றி அடுத்தடுத்து ஆறு கேள்விகள், அறிகுறிகளைக் கண்டறிவதில் தொடங்கி விளைவை மதிப்பிடுவது வரை செல்கின்றன.

உதாரணமாக, இதய மருந்தான டிகாக்சினுடன், சிறுநீர் பெருக்கியான ஃபியூரோசெமைடும் எடுத்துக்கொள்ளும் முதியவருக்கு, ஒரு முழு நிமிடம் எண்ணிய இதயத்துடிப்பு 52, பொட்டாசியம் 3.1, கூடவே குமட்டலும் மஞ்சள் நிறப் பார்வையும் இருந்தால், சிறுநீர் பெருக்கியால் பொட்டாசியம் குறைந்து டிகாக்சின் நச்சுத்தன்மை கூடியிருக்கலாம் என்று இணைத்துப் பார்த்து, அந்த வேளை மருந்தைக் கொடுக்காமல் பொறுப்புச் செவிலியருக்கோ மருத்துவருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். குமட்டலுக்கு மட்டும் தீர்வு சொல்லும் விடைதான் இங்கு மிகவும் ஆபத்தானது.