ஒரே தேடல், ஆளுக்கொரு வரிசை: எக்ஸ்எம்எல் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் சில வீடுகளில் கிடைத்த பழைய பேரேடுகள், ரங்கூன், பினாங்கு கடிதங்கள், இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்) எல்லாவற்றையும் தட்டச்சு செய்து எக்ஸ்எம்எல் கோப்புகளாக வைத்திருக்கிறோம். ஊர், கோயில், ஆண்டு, தொகை, வட்டி என்று தனித்தனிக் குறிகள் உண்டு. பேஸ்எக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் ஏற்றி, எக்ஸ்குவெரி என்ற வினவல் மொழியில் தேடுகிறோம், அதுவரை சரி.

சிக்கல் வரிசைப்படுத்துவதில். "தேக்கு" என்று தேடினால், வீடு கட்டிய கணக்கைப் பார்க்கும் கட்டடக்கலை மாணவிக்கு மரம் வாங்கிய வரி மேலே வரவேண்டும். பர்மா வணிகத்தை ஆராய்பவருக்குக் கடன் கடிதம். பங்காளி உறவு தேடுபவருக்கு முதலில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், இளையாற்றங்குடியா மாத்தூரா என்பதுதான்.

இந்த விருப்பங்களை where நிபந்தனையாக (பொருந்தாததை வடிகட்டிவிடும்) போட்டால் பாதித் தேடலுக்கு விடையே வருவதில்லை, ஏனென்றால் பல கடிதங்களில் ஆண்டே கிடையாது. அப்போதைய ஆட்கள் "விரோதி வருஷம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்ப வரும்!

அதனால் விருப்பத்துக்குப் பொருந்துவது மேலே, பொருந்தாதது கீழே, எதுவும் விடுபடாமல் வேண்டும். ஒவ்வொருவர் விருப்பத்தையும் தனிக் கோப்பில் வைத்து, தேடும்போது மதிப்பெண் கூட்டி order by (வரிசைப்படுத்தும் கட்டளை) கொடுக்கலாம் என்பது என் யோசனை. ஆனால் "கோயில் முதலில், அது சமமானால் ஆண்டு" என்பதை மதிப்பெண்ணில் எப்படிக் காட்டுவது? எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறிக்கு மாறினால் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் குறிகள் கெடுமா? செய்து பார்த்தவர்கள் மாதிரி நிரல் ஒன்று தந்தால் போதும்.