கச்சான் காத்து வெக்கைக்கு பொமரேனியன் நாயை மொட்டை வழிக்கலாமா?

வெள்ளைவால் (கல்முனை):
3 வயசுப் பொமரேனியன். கச்சான் தொடங்கினதிலிருந்து பகல் முழுக்க சிமெந்துத் தரையில வயித்தைப் போட்டு மூச்சு வாங்குது. முடி கொத்துக் கொத்தாக் கழருது, காதுக்குப் பின்னால சிக்கு. மெஷினால ஒட்ட வழிச்சா சுகம் எண்டு சொல்றாங்க. செய்யலாமா? எத்தனை நாளைக்கு ஒருக்கா குளிப்பாட்டணும்?

சீப்புக்காரன் (கல்லடி):
வழிக்காதீங்க. பொமரேனியனுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல நீட்டு முடி வெயிலை மறிக்கும், அடியில பஞ்சு. நாய் சூட்டைக் கழிக்கிறது பெரும்பாலும் மூச்சாலதான், தோல் வேர்வையால இல்ல. மொட்டை அடிச்சா தோல் வெயில்ல வேகும். மேல்முடி திரும்ப வர ஒரு வருசத்துக்கு மேலயும் ஆகலாம், சில நாய்க்குத் திட்டுத்திட்டா வராமலே போகும். இந்த இனத்துல அது அதிகம்.

காத்தை மறிக்கிறது கழண்டும் விழாம நிக்கிற பஞ்சுதான். முடியைக் கையால மேல தூக்கிப் பிடிச்சு, தோல் கோடு தெரிய, கீழிருந்து ஒவ்வொரு வரிசையா ஸ்லிக்கர் பிரஷால (மெல்லிய கம்பிப் பல்லு வைச்ச பிரஷ்) இழுங்க. மறுகா இரும்புச் சீப்பு தடங்காமப் போகணும். மேலால மட்டும் தடவினா பளபளப்பா இருக்கும், அடியில கம்பளியாத் திரண்டு கிடக்கும். முடி கொட்டுற காலத்துல கிழமைக்கு 3 தரம், 15 நிமிசம் காணும். பாத விரல் இடுக்கு, மலவாய் சுத்தி இருக்கிற முடியை வெட்டலாம்.

உண்ணிபிடி (அக்கரைப்பற்று):
குளிப்பு 3, 4 கிழமைக்கு ஒருக்கா. சிக்கெடுக்காம நனைச்சா சிக்கு இறுகிப் போகும், அதால முதல்ல சீவுங்க. நாய் ஷாம்பூ மட்டும், 1 பங்குக்கு 5 பங்கு தண்ணி கலந்து. உவர்க் கிணத்துத் தண்ணியில நுரை சரியா வராது எண்டு ஷாம்பூவைக் கூட்டிடுவாங்க, அது கழுவுப்படாம நிண்டு சொறியும். கடைசி ரெண்டு வாளி நல்ல தண்ணி.

காயவைக்கிறதுலதான் எல்லாரும் பிழை விடுறது. மேல காஞ்சிருக்கும், அடி ஈரமா இருந்தா ஒரே ராவில புண் வெடிச்சு நீர் வடியும். துவாயால ஒத்தி, ஃபேனுக்கு முன்னால சீவிச் சீவிக் காயவைங்க. அப்பவே காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் உண்ணி பாருங்க.

வெள்ளைவால்:
காதுக்குப் பின்னால உள்ள சிக்கைக் கத்தரியால வெட்டட்டா?

சீப்புக்காரன்:
நேரா வைக்காதீங்க, தோலும் சிக்கோட சேர்ந்து எழும்பி வரும், வெட்டுப்படும். கோன்ஃபிளவர் (சோள மா) தூவி விரலால பிரிச்சு, சீப்பின் பல்லால நுனியிலிருந்து அடிக்கு வாங்க. அசையாட்டி, தோலுக்கும் சிக்குக்கும் நடுவில சீப்பைச் செருகி, சீப்புக்கு மேல வெட்டுங்க.

உண்ணிபிடி:
ஒண்டு. மூச்சு வாங்கிக்கொண்டே எச்சில் தடிச்சு, முரசு (பல் ஈறு) கடும் சிவப்பாகி, தள்ளாடினா அது முடிப் பிரச்சினை இல்ல, வெக்கை அடிச்சது. உடனே உடம்பெல்லாம் கிணத்துத் தண்ணி ஊத்தி, ஃபேன் போட்டு, மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்க. ஈரத் துவாயால மூடி விடாதீங்க, சூடு உள்ளுக்க நிக்கும்.