மீனைப் பட்டினி போடுவதற்கு ஒரு சொல்

செ.:
அன்பர்களே, திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய கையேடு. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் ஏற்றுமதி கற்க வருபவர்களுக்கானது. ஆங்கில மூலத்தில் 'கண்டிஷனிங்' என்று வருகிறது, தமிழில் ஒரு சொல் வேண்டும். பையில் அடைப்பதற்கு ஓரிரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியானால் கழிவு குறையும், தண்ணீரில் அம்மோனியா அவ்வளவாக ஏறாது. சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் ஏறும் மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையும் இரு பங்கு ஆக்சிஜனையும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டுமே! 'பதப்படுத்தல்' எனப் போடலாமா?

ம.:
வேண்டாம். பதப்படுத்திய மீன் என்றால் கருவாடும் டின் மீனும்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, முட்டையிடுவதற்கு முன் தாய்மீனுக்குப் புழு, ஆர்ட்டீமியா என்னும் பொடி இறால் என்று நன்றாகப் போட்டுத் தேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே ஊட்டுவது, இங்கே நிறுத்துவது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் சினைமீனைப் பட்டினி போட்டுவிடுவார்கள்.

புலவர் இ.:
'நோன்பு' இருக்க ஏன் அலைய வேண்டும்? நோல் என்றால் பொறு. 'உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை' என்கிறார் வள்ளுவர். நோற்றல், நோன்மை, நோன்பு எல்லாம் ஒரே குடும்பம். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

ம.:
ஐயா, சோழன் தானாகப் போய் உட்கார்ந்தான். மீனை யார் கேட்டார்கள்? அந்த அடியின் பின்பாதி உயிர்களுக்குத் துன்பம் செய்யாதே என்கிறது. ஏற்றுமதிக் கையேட்டுக்கு அது ஆகாது.

ர.:
'லங்கணம்' எல்லாருக்கும் புரியுமே?

புலவர் இ.:
வடசொல். அப்புறம், ஆக்சிஜன் எதற்கு? உயிர்வளி எனலாம்.

க.:
நான் பேக்கிங் பார்ப்பவன். 'தீனி நிறுத்தியாச்சா' என்றுதான் கேட்போம். சொல் எதுவோ ஆகட்டும், இதைக் கையேட்டில் எழுதுங்கள்: போய்ச் சேர்ந்த பையைப் பிரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஎச் இறங்கியிருக்கும், அதாவது தண்ணீர் அமிலமாகியிருக்கும். பை மூடியிருக்கும்வரை அம்மோனியாவின் வீரியம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். பிரேசிலில் ரியோ நெக்ரோ ஆற்றில் பிடிபட்டு, படகில் மனௌஸ் வந்து, விமானம் ஏறிப் பிழைத்த கார்டினல் டெட்ராகூட இதில் போய்விடும்.

ம.:
முதலில் இதைச் சேருங்கள், செ. சொல்லுக்கு 'தீனி நிறுத்தம்' போதும்.

புலவர் இ.:
தீனி கொச்சை. 'இரைநிறுத்தம்' என்க.

ம.:
தின் என்பதிலிருந்து வந்தது தீனி. இதில் கொச்சை எங்கே?

செ.:
சரி, மணி பதினொன்றாகிவிட்டது. மூன்று பேராவது 'தீனி நிறுத்தம்' பக்கம் இருக்கிறோம், அதையே போடுகிறேன். தாய்மீனுக்குத் 'தேற்றுதல்'. க. சொன்னது கட்டம் கட்டி வரும்.

ர.:
லங்கணம் போனது போனதுதானா?

புலவர் இ.:
நிறுத்தம் என்றால் பேருந்துதான் நிற்கும். 'இரைவிடுப்பு' என்பதைப் பரிசீலியுங்கள். தேற்றுதலும் எனக்கு உடன்பாடில்லை. தேறு, தேற்றம், தேற்றாங்கொட்டை குறித்து நாளை விரிவாக எழுதுகிறேன்.