கல்லுளுவையா, ஒட்டுளுவையா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். எட்டாம் வகுப்புத் துணைப்பாட நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கடல் வற்றியதும் பாறைப் பள்ளங்களில் தேங்கும் குட்டைகளைப் பற்றிய பாடம். அதில் ஒரு சின்ன மீன், கோபியஸ் பகனெல்லஸ். கிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக்கடல் கரைகளில் வாழ்வது. நன்கு வளர்ந்தால் 12 செ.மீ. வரும். முதல் முதுகுத்துடுப்பின் மேல்விளிம்பில் வெளிறிய மஞ்சள் பட்டை இருக்கும். ஆங்கிலத்தில் ‘ராக் கோபி’ (rock goby). அதை அப்படியே ‘பாறை கோபி’ என்று எழுதினால் ஆள் பெயர் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. மீனுக்கும் குட்டைக்கும் நல்ல பெயர் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
தம்பி, கோபி எதற்கு? உளுவை என்ற பெயர் நம்மிடம் இருக்கிறதே. உளு என்பது மரத்தைத் துளைக்கும் புழு. உளுத்துப்போன கட்டை என்கிறோம். துளைக்குள் புகுந்து கிடப்பதால் உளுவை. ‘உள்’ என்பதே வேர், உளியும் அதில் கிளைத்ததே என்பது என் துணிபு. சங்கப் பாடல்களில் வரும் உழுவை புலி, அதற்குச் சிறப்பு ழகரம். அச்சுக்கோப்பவர் மீனைப் புலியாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாறை + உளுவை, யகர உடம்படுமெய் பெற்றுப் பாறையுளுவை.

விலங்கியல் ஆசிரியை:
ஐயா, உளுவைக்குச் சம்மதம். பாறைதான் இடிக்கிறது. பாறை என்ற பெயரிலேயே வேறொரு மீன் குடும்பம் இருக்கிறது. பாறையுளுவை என்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு மீன் என்று மாணவர்கள் நினைப்பார்கள். இந்த மீனை வயிற்றுப்புறமாகத் திருப்பிப் பாருங்கள். இடுப்புத் துடுப்புகள் இரண்டும் ஒன்றுசேர்ந்து சின்னக் கிண்ணமாக ஆகியிருக்கும். அலை இழுக்கும்போது அதை வைத்துத்தான் கல்லைப் பற்றிக்கொள்கிறது. ஒட்டுளுவை என்று வைத்தால் பெயரிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இலங்கை உறுப்பினர்:
அம்மா, அந்தக் கிண்ணம் இந்தக் குடும்பத்து மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. எல்லாம் ஒட்டுளுவை என்றால் இதற்கென்று என்ன மிஞ்சும்? இன்னொன்று, எங்கள் பாடநூல்களில் மீனுக்கு இருப்பது செட்டை. துடுப்பு படகு வலிப்பவர் கையில் இருப்பது.

சொல்லாக்க ஆர்வலர்:
தாவுளுவை எப்படி? விலங்கு நடத்தை ஆய்வாளர் லெஸ்டர் ஆரன்சன் 1951இல் எழுதிய கட்டுரையை மறக்க முடியவில்லை. கடல் பெருகியிருக்கும்போது இந்த மீன் பாறைகளுக்கு மேல் நீந்தி, பள்ளம் எங்கெங்கே இருக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. வற்றியபின், அடுத்த குட்டை கண்ணுக்குத் தெரியாதபோதும் குறி தவறாமல் அதற்குள் தாவுகிறது. இவ்வளவு சின்ன மீனுக்கு இப்படி ஒரு நினைவாற்றல்!

விலங்கியல் ஆசிரியை:
அருமையான ஆய்வுதான். ஆனால் அவர் பார்த்தது பாத்திகோபியஸ் சொபொரேட்டர். அது வேறு பேரினம். அதன் புகழை இதன் பெயரில் ஏற்றக்கூடாது.

தமிழாசிரியர்:
சரி, கல்லுளுவை? தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும், நன்னூல் விதி. புணர்ச்சியில் குறை சொல்ல இடமில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
மூலத்துக்கும் பொருந்துகிறது, ஐயா. பெண் மீன் கல்லடியில் முட்டையிடும், ஆண் அங்கேயே கிடந்து காவல் காக்கும் என்று அடுத்த பத்தியிலேயே வருகிறது. அப்புறம், குட்டைக்கு ஓதக்குட்டை சரியா?

சொல்லாக்க ஆர்வலர்:
ஓதம் என்றதும் பிள்ளைகளுக்குச் சுவரில் ஏறும் ஈரம்தான் நினைவுக்கு வரும்.

தமிழாசிரியர்:
அதற்காகப் பழைய சொல்லை விட்டுவிடுவதா? கடலோதம் என்பது அலைக்கும் பெருக்குக்கும் வழங்கிய சொல். பாடத்தில் வந்தால்தானே பிள்ளைகளுக்குத் தெரியும்?

இலங்கை உறுப்பினர்:
நாங்கள் வற்றுப்பெருக்கு என்போம். வற்றுக்குட்டை என்றால் விளக்கமே வேண்டாம்.

சொல்லாக்க ஆர்வலர்:
வற்றிப்போன குட்டை என்றும் படிக்கலாமே!

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. கல்லுளுவைக்கு மூவர் ஆதரவு, அதையே இடுகிறேன். ஓதக்குட்டை என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘கடல் வற்றும்போது பாறைகளிடையே தேங்கும் குட்டை’ என்று விளக்கிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

விலங்கியல் ஆசிரியை:
என் வாக்கு இன்னும் ஒட்டுளுவைக்குத்தான், பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரில் இடமில்லை என்றால் படத்திலாவது மீனின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலிருந்து வரைந்த படத்தில் அந்தக் கிண்ணம் தெரியவே தெரியாது.