நெடுஞ்சாலை ஓட்டல்களில் சீலியாக் உள்ள குழந்தைக்கு என்ன வாங்கித் தரலாம்? (சென்னை – திருச்செந்தூர்)

நெல்லைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. ரத்தசோகை மாத்திரைக்கு அடங்கவில்லை, எடையும் ஏறவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து சீலியாக் என்று சொல்லிவிட்டார்கள். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோயாம். வீட்டில் கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் ஒதுக்கியாயிற்று. பிள்ளை முகத்தில் தெளிவு வந்திருக்கிறது.

இப்போது தம்பி பையனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். சென்னையிலிருந்து காரில் போகிறோம். வழியில் ஏ2பி, சரவண பவன் மாதிரி நிறைய கிளைகள் உள்ள ஓட்டல்களில்தான் நிறுத்துவோம். அங்கே எதைத் தைரியமாக வாங்கிக் கொடுக்கலாம்? "இட்லி தோசை அரிசியும் உளுந்தும்தானே, அதில் என்ன பயம்" என்கிறார் மாமியார். பெருங்காயத்தில் மைதா இருக்கிறது என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மல்லிகா, ஈரோடு:

வாங்கம்மா. எனக்கே சீலியாக்தான். ஆடிட் வேலை, வாரத்துல பாதி ரோட்டுலயும் லாட்ஜுலயும்தான் போகும். அதனால இதுல கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

நீங்க படிச்சது உண்மைங்க. சுத்தமான பெருங்காயம்ங்கறது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துலருந்து வர்ற ஒரு செடியோட பால், பிசின் மாதிரி இருக்கும். அதை அப்படியே சமையல்ல போட முடியாது, அவ்வளவு காரமான வாசம். அதனால மாவும் கருவேலம் பிசினும் சேர்த்துத்தான் கட்டியாவும் தூளாவும் விக்கறாங்க. டப்பால 'கூட்டுப் பெருங்காயம்'னு போட்டிருக்கும். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு. அரிசி மாவு சேர்க்கற கம்பெனியும் இருக்கு, ஆனா ஓட்டல் சமையக்கட்டுல எந்த டப்பா இருக்குன்னு மேசையில உக்காந்திருக்கற நமக்குத் தெரியாது. அதனால சாம்பார், ரசம், வெண்பொங்கல், இட்லிப் பொடி, அப்பளம் இத்தனையும் கணக்குலருந்து எடுத்துருங்க. சப்பாத்தியும் பரோட்டாவும் கண்ணுக்குத் தெரியற எதிரி, பிள்ளையே வேண்டாம்னு சொல்லிரும். சாம்பார் அப்படி இல்லைங்க, கேக்காமயே இலையில ஊத்திட்டுப் போயிருவாங்க.

அடுத்தது தோசைக்கல். இதை நின்னு பார்த்தாத்தான் புரியும். காலைல கூட்ட நேரத்துல ஒரே கல்லுல ஒரு பக்கம் ரவா தோசை, நடுவுல நெய் ரோஸ்ட், ஓரத்துல சப்பாத்தி போட்டு எடுப்பாங்க. ரவா தோசையில ரவையும் மைதாவும் இருக்கு. ஒரு வரிசை முடிஞ்சதும் மாஸ்டர் தண்ணி தெளிச்சு, சின்னத் துடைப்பத்தால ஒரு தள்ளு தள்ளிட்டு அடுத்த மாவை ஊத்துவார். ரவா தோசைத் துகளைத் தள்ளினதும் அதே துடைப்பந்தான். "கல்லை நல்லாத் துடைச்சுட்டு ஊத்துங்க"ன்னு நீங்க கேட்டாலும் அந்தத் துடைப்பந்தான் வரும். பாக்கெட்டுல 'குளூட்டன் இல்லை'ன்னு அச்சடிக்கணும்னா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது நம்ம ஊர்ச் சட்டம். அந்த அளவு எவ்வளவு சின்னதுன்னு நெனைச்சுப் பாத்தா, அந்தக் கல்லுல ஊத்தின தோசையை உங்க பொண்ணுக்குத் தர மனசு வராது. சில இடத்துல முறுகல் வரணும்னு தோசை மாவுலயே ரவை கலக்கறதும் உண்டு.

அப்ப என்னதான் சாப்பிடறது? நான் சாப்பிடறதைச் சொல்றேன்.

இட்லி. ஆனா ரவா இட்லி போடாத கடையா, புது ஈடா பாத்து. சாம்பார்ல முக்கி எடுத்துட்டு வர்ற மினி இட்லி வேண்டாம். தொட்டுக்க வீட்லருந்து பெருங்காயம் போடாத பொடி, நல்லெண்ணெய் சின்ன பாட்டில்ல கொண்டு போங்க. சட்னி வேணும்னா தாளிக்காத தேங்காய்ச் சட்னி கிடைக்குமான்னு கேளுங்க, தாளிப்புலயும் பெருங்காயம் இருக்கலாம். பெரிய பாத்திரத்துல தாளிச்சு வச்சிருந்தா விட்டுருங்க.

ஆப்பம் கிடைச்சா அது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. ஆப்பச் சட்டியில வேற எதையும் ஊத்த மாட்டாங்க, அதான் காரணம். ஆப்ப மாவுல அரிசி, தேங்காய், உளுந்து தவிர வேற ஏதாவது உண்டான்னு மட்டும் கேட்டுக்கோங்க. தேங்காய்ப்பாலோட கொடுக்கலாம், குருமா வேண்டாம். குருமா கெட்டியாகறதுக்கு மைதா கரைச்சு ஊத்தற இடங்கள் இருக்கு. இடியாப்பத்துல கோதுமை இடியாப்பமும் இருக்கறதால கேட்டுட்டு வாங்குங்க.

மதியத்துக்கு வெறும் சோறு, நெய், தயிர், வாழைப்பழம். பிள்ளைக்கு அது போதும். வடை வேண்டாம், பூரியும் சமோசாவும் பொரிச்ச எண்ணெயிலதான் அதுவும் வரும். அசைவம் சாப்பிடறவங்கன்னா பிரியாணி, சாம்பார் சாதத்தைவிட எவ்வளவோ மேல். பிரியாணிக்குப் பெருங்காயம் போடற வழக்கமில்லை. மேல தூவற வறுத்த வெங்காயம் மட்டும் கடையில வாங்கினதான்னு விசாரிங்க, அதுல மாவு புரட்டிப் பொரிக்கறாங்க. சிக்கன் 65 பக்கமே போகாதீங்க. குடிக்க ஃபில்டர் காப்பி, பால், இளநீர் தாராளமா. ஹார்லிக்ஸ், பூஸ்ட் மட்டும் கூடாது, அதுல பார்லி மால்ட்டும் கோதுமையும் இருக்கு.

சப்ளையர்கிட்ட குளூட்டன்னு சொல்லிப் பிரயோஜனமில்லை. கோதுமை ஆகாதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா, "அப்ப ரவா தோசை கொண்டாரட்டுமா"ன்னு அன்பாக் கேப்பாங்க. ரவையும் சேமியாவும் கோதுமைதான்னு நிறைய பேருக்குத் தோணறதில்லை. அதனால நான் ஒரு அட்டை எழுதிப் பையில வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே எழுதிக்கலாம்:

"இந்தக் குழந்தைக்கு ஒரு நோய் இருக்கிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, கூட்டுப் பெருங்காயம் ஒரு துளி பட்டாலும் உடம்புக்கு ஆகாது. அரிசி, உளுந்து, பருப்பு, பால், தேங்காய், காய்கறி சாப்பிடலாம். தயவுசெய்து கழுவிய தட்டு, கழுவிய கரண்டி பயன்படுத்துங்கள்."

அட்டையை சப்ளையர்கிட்ட கொடுக்காம சூப்பர்வைசர்கிட்ட கொடுங்க. அவர் உள்ள போய் மாஸ்டர்கிட்டக் காட்டிட்டு வந்து முடியும், முடியாதுன்னு சொல்லுவார். முடியாதுன்னு நேராச் சொல்றவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க, அவங்கதான் நம்ம பிள்ளையைக் காப்பாத்தறவங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். 10 அல்லது அதுக்கு மேல கிளை வச்சிருக்கற ஓட்டல்கள், எந்த உணவுல எந்த ஒவ்வாமைப் பொருள் இருக்குன்னு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020-ல விதி கொண்டுவந்துச்சு. அந்தப் பட்டியல்ல முதல் வரியே குளூட்டன் உள்ள தானியங்கள்தான். கேக்கறது நம்ம உரிமை, கூச்சப்படாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தந்த ஓட்டலோட தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்க. மாவும் மசாலாவும் சென்ட்ரல் கிச்சன்லருந்து வர்ற ஓட்டல்ல, கிளையில இருக்கறவருக்கே உள்ள என்ன இருக்குன்னு தெரியாது.

முன்னாள் தோசை மாஸ்டர்:

மேடம், நான் பல வருஷம் கல்லுல நின்னவன். அக்கா சொன்ன துடைப்பம் விஷயம் நூத்துக்கு நூறு சரி. உள்ளே இருந்தவன் ஒரு ரெண்டு விஷயம் சேத்துக்கறேன்.

நேரம் பாத்துப் போங்க. காலைல கடை திறந்ததும் இட்லியோட முதல் ஈடு எடுப்பாங்க. அப்ப கொப்பரை, துணி எல்லாம் கழுவி வச்சதா இருக்கும், பரோட்டாவுக்கு மாவு பிசையறதும் நிறைய கடையில மதியத்துக்கு மேலதான். பரோட்டா அடிக்கிற நேரத்துல மாவு சமையக்கட்டு பூரா பறக்கும் மேடம், பாத்திரம் மூடி மேலகூட வெள்ளையா படிஞ்சிருக்கும். அதனால ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டலை நம்பாதீங்க.

சரக்கு மாஸ்டரை ஒரு நிமிஷம் கூப்பிடச் சொல்லுங்க. சாம்பார், சட்னி, பொங்கல் அவர் கைதான். என்ன பெருங்காயம், எதுல போட்டேன்னு அவருக்குத் தெரியும். குழந்தைக்குன்னு சொன்னா யாரும் மொகம் சுளிக்க மாட்டாங்க. கூட்டம் இல்லாத நேரமா இருந்தா ஒரு சின்னக் கிண்ணத்துல தாளிக்காம சட்னி தனியா எடுத்துக் கொடுப்பாங்க. நானே கொடுத்திருக்கேன்.

டாலஸ் தம்பி:

அக்கா, நான் இருப்பது அமெரிக்காவில், என் மனைவிக்கு சீலியாக். நீங்கள் கேட்டது ஊர்ப் பயணம்தான். ஆனாலும் பின்னால் படிப்பவர்களுக்கு உதவும் என்று இங்கே நிலவரம் கொஞ்சம் சொல்கிறேன்.

சங்கிலி உணவகம் என்றால் எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தான் என்று நம்ப வேண்டாம். இங்கே மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்க்கிறார்கள், அதில் கோதுமையிலிருந்தும் பாலிலிருந்தும் எடுத்த பொருள் இருக்கிறது. அவர்களே இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். சைவக்காரர்களுக்கும் ஆகாது, சீலியாக்காரர்களுக்கும் ஆகாது. டாமினோஸில் குளூட்டன் இல்லாத பீட்சா என்று விற்கிறார்கள், ஆனால் அதே சமையலறையில் மாவு புழங்குவதால் சீலியாக் உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

நாங்கள் நெடும்பயணத்தில் பெரும்பாலும் நிறுத்துவது சிப்போட்லே என்ற மெக்சிகன் உணவுக் கடை. அங்கே கோதுமை டார்ட்டியா (சப்பாத்தி மாதிரி ரொட்டி) தவிர மற்றதில் குளூட்டன் சேர்ப்பதில்லை. கிண்ணத்தில் சோறு, கறுப்பு பீன்ஸ், காய்கறி வாங்கலாம். சீலியாக் என்று சொல்லிக் கையுறையை மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள். வேறு எதுவும் இல்லையென்றால் வெண்டீஸ் என்ற பர்கர் கடையில் தோலோடு சுட்ட முழு உருளைக்கிழங்கு.

நெல்லைக்காரி:

மல்லிகாக்கா, மாஸ்டர் அண்ணாச்சி, தம்பி, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அட்டையை இப்போதே எழுதிவிட்டேன், மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கரை காரிலேயே எடுத்துப் போகிறோம்.

இன்னும் ஒன்று மட்டும். திருநெல்வேலி வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அல்வாவோடுதான் வருவார்கள். அது கோதுமைப் பாலில் கிண்டுவது, தொடவே முடியாது. மற்ற பிள்ளைகள் சாப்பிடும்போது இவள் வெறும் கையோடு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. வழியில் வாங்கி வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

மல்லிகா, ஈரோடு:

இருக்குங்க. மதுரையிலருந்து திருநெல்வேலி போற வழியிலதானே கோவில்பட்டி! கடலை மிட்டாய் வாங்கிருங்க, கடலையும் வெல்லப்பாகுந்தான். கடலை மிட்டாய் மட்டும் போடற கடையாப் பாருங்க, காரமும் ஸ்வீட்டும் சேர்ந்து போடற கடையில வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பாலும் சர்க்கரையுந்தான், ஆனா அது உங்க வழியில இல்லை, யாராவது அந்தப் பக்கத்துலருந்து வந்தாங்கன்னா சொல்லி வைங்க. தூத்துக்குடி மக்ரூன்ல முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மட்டும்தான், மாவே கிடையாது. ஆனா கேக்கும் பன்னும் போடற பேக்கரியிலதான் அதையும் சுடறாங்க. அதனால நான் வாங்கறதில்லை, நீங்களும் வாங்காதீங்க.

கடலை மிட்டாயை ரெண்டு கிலோவாவே வாங்குங்க. அல்வா கொண்டுவர்ற பிள்ளைங்களுக்கும் உங்க பொண்ணு கையாலயே எடுத்துக் கொடுக்கட்டும்.