ஹங்கேரி வெள்ளை ஒயினோடு வஞ்சிரக் குழம்பு சரிப்படுமா?

ராயபுரத்தான்:
அத்தை மகன் ஹங்கேரியில் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறான், கையோடு இரண்டு பாட்டில் ஒயின். ஒன்று ஃபுர்மிண்ட், துளியும் இனிப்பு இல்லாத வெள்ளை ஒயினாம். இன்னொன்று அரை லிட்டர் பாட்டில், தேன் நிறம், லேபிளில் டோகாயி அசூ, 5 புட்டோன்யோஷ் என்று இருக்கிறது. ஞாயிறு மதியம் மாமா, சித்தப்பா எல்லாரும் வருகிறார்கள். விடியற்காலை காசிமேடு போய் மீன் எடுத்துவருவது என் வேலை, அம்மா வழக்கம்போல வஞ்சிரக் குழம்பு வைப்பார். இது அந்த ஒயினோடு ஒத்துவருமா, இல்லை வேறு ஏதாவது செய்யச் சொல்லவா? அவன் ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தது, வீணாகக் கூடாது.

கப்பல் சமையல்:
தம்பி, புளிக்குழம்பை ஃபுர்மிண்ட் பக்கமே கொண்டுபோகாதீங்க. அந்தத் திராட்சைக்கே புளிப்பு அதிகம், ஒரு வாய் குடித்ததும் நாக்கோரம் ஊறும். குழம்பின் புளி அதைவிட ஓங்கி நின்றால் ஒயின் சப்பென்று ஆகிவிடும், மிளகாயும் சேர்ந்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். முழு சங்கராவைக் கீறி உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு தடவித் தவாவில் போடுங்க, எலுமிச்சை மட்டும் பிழியாதீங்க, ஏனென்றால் அந்த வேலையை ஒயினே செய்துவிடும். தேங்காய்ப்பால் இறாலும் அருமையாகப் போகும். குழம்பு அம்மா வைக்கட்டும், அதைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். டான்யூப் நதிக்கப்பலில் சமையல்கட்டில் இருந்தபோது பாலட்டன் ஏரி மீனை வெறும் வெண்ணெயில் வறுத்து, ஓலாஸ்ரிஸ்லிங் என்ற வெள்ளை ஒயினோடுதான் அனுப்புவோம்.

பெரம்பூர் அக்கா:
நான் ஹங்கேரியில் டெப்ரெசென் நகரத்தில் நாலு வருடம் இருந்தேன், அந்த அசூ பற்றி மட்டும் சொல்கிறேன். டோகாய் என்பது போத்ரோக், திசா என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடம். அறுவடைக் காலத்தில் காலையில் மூடுபனி, மதியம் வெயில். அந்த ஈரத்தில் திராட்சையில் ஒரு பூஞ்சணம் பிடித்து, தோலில் நுண்துளை விழுந்து நீர் வற்றிப் பழம் கிஸ்மிஸ் மாதிரி சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கியதை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி எடுப்பார்கள். புட்டோனி என்றால் முதுகில் சுமக்கும் கூடை, முன்பு ஒரு பீப்பாய்க்கு எத்தனை கூடை பழம் போட்டார்கள் என்பதுதான் அந்த எண். இப்போது சர்க்கரை அளவுதான் கணக்கு, 5 என்றால் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம். அத்தனை இனிப்பு இருந்தும் திகட்டாது, புளிப்பு தூக்கிப் பிடிக்கும்.

இதைச் சௌகார்பேட்டை ஜிலேபியோடு கொடுத்துவிடாதீங்க, ஒயினைவிட இனிப்பான பண்டம் வாயில் இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். அங்கே வாத்து ஈரலோடு சாப்பிடுவார்கள். நமக்குக் கோழி ஈரல் மிளகு வறுவல் போதும், கொஞ்சம் நெய்யில், ஈரல் நடுவில் மிருதுவாக இருக்கும்போதே இறக்கிவிடணும். சின்ன கிளாஸில் குளிரவைத்துக் கொடுங்க, மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்க, இரண்டு வாரம் தாங்கும்.

தண்டையார்பேட்டை பாபு:
அக்கா சொன்ன ஈரலோடு, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை முட்டை மசாலாவையும் சேர்த்துக்கோங்க. முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் அடைத்துத் தருவார்களே, அதுதான். காரத்துக்கு இனிப்பு ஒயின்தான் சரி. காரம் என்றாலே வெள்ளை ஒயின் ஆகாது என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ராயபுரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. சங்கரா நல்லதாகக் கிடைத்தது, கண் பளபளவென்று. அம்மாவுக்கு எலுமிச்சை இல்லாமல் மீன் வறுக்க மனசே வரவில்லை, ஒரு துண்டு சாப்பிட்டு ஃபுர்மிண்டையும் ஒரு வாய் பார்த்துவிட்டு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பைச் சித்தப்பா பிடிவாதமாக ஒயினோடு சாப்பிட்டுப் பார்த்தார், கப்பல் அண்ணன் சொன்னதேதான் நடந்தது. ஆனால் ஈரலும் அசூவும்! மிளகுக் காரம் தொண்டையில் நிற்கும்போது அந்த ஒயின் இறங்கினால் பாதாமி வாசனை வருகிறது. முட்டை மசாலா வாங்க நேரமில்லை. பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கிறது, நாளைக்குப் போய் வாங்கிவருகிறேன்.