ஓணான் தண்டால் எடுக்கும்போது: நிறமும் அசைவும் கவனித்தவர்கள் பகிர்வது

(ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் இடத்தின் பெயரிலேயே பேசுகிறார்கள்.)

பாறைமேடு:
கிருஷ்ணகிரி, செஞ்சி பக்கம் மொட்டைப் பாறைகளில் வெயில் ஏறியதும் உச்சியில் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதுதான் பாறை ஓணான் ஆண். பெண்ணும் குஞ்சும் அதே பாறையில்தான் இருக்கும், ஆனால் பழுப்புத் திட்டு கல்லோடு கல்லாகிவிடுவதால் அசைந்தால்தான் கண்ணில் படும். ஆணைப் பார்த்துவிட்டு "சிவப்பு ஓணான்" என்று ஒரே சொல்லில் குறித்துக்கொண்டால் பாதி விஷயம் போச்சு. முதுகுப் பட்டை தனி, விலாப் பட்டை தனி. இரண்டும் தனித்தனியாக நிறம் மாறும்.

எதிரில் பெண் இருந்தால் முதுகு சிவக்கும், விலா கறுக்கும். இன்னொரு ஆண் வந்தால் முதுகு மஞ்சளாகும், விலா ஆரஞ்சாகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பெண்ணுக்குக் காட்டும்போது இரண்டு பட்டைக்கும் உள்ள வேறுபாடு தூக்கலாக இருக்கிறது. ஆணுக்குக் காட்டும்போது மாற்றம் வேகமாக நடக்கிறது. யோசித்தால் நியாயம்தான். பெண் நின்று நிதானமாகப் பார்க்கும், போட்டிக்கு வந்தவனுக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால் குறிப்பேட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: முதுகு, விலா, எதிரில் யார், எத்தனை நொடி. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் முதல் இரண்டும் வீண். பெண் பெரும்பாலும் கீழே, பாறை இடுக்கை ஒட்டித்தான் இருக்கும். ஆணின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து அந்தக் கோட்டில் தேடினால் கிடைக்கும். 8×42 பைனாகுலர் போதும், 8–10 மீட்டர் தள்ளி சூரியனை முதுகில் வைத்து உட்காருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது தெரியும் நிறம் உங்களுக்கான பதில், பெண்ணுக்கானது இல்லை.

வேலியோரம்:
பாறைக்குப் போக முடியாதவர்களுக்கு வேலி ஓணானே போதும். கொங்குப் பக்கம் ஒடக்கான் என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத் தலையும் தோளும் ரத்தச் சிவப்பு, தொண்டையின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு. ரத்தம் உறிஞ்சித்தான் சிவந்தது என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். பூச்சி தின்னும் பிராணி அது, உறிஞ்ச வாயமைப்பே கிடையாது.

அசைவில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். தலை மட்டும் மேலும் கீழும் போனால் தலையாட்டல். முன்னங்கால் மடங்கி நிமிர்ந்து நெஞ்சும் சேர்ந்து எழுந்தால் தண்டால். தண்டாலோடு தொண்டைப் பை இறங்கி, உடம்பு பக்கவாட்டில் தட்டையாகிவிட்டால் எதிரி அருகில் இருக்கிறான் என்று அர்த்தம். தட்டையாவது ஏனென்றால் பக்கவாட்டில் பார்ப்பவனுக்கு உருவம் பெரிதாகத் தெரியும். இரண்டு ஆண் மோதி ஒன்று தோற்றால், தோற்றதன் சிவப்பு வடிந்து பழுப்பாகிவிடும், ஜெயித்தது சிவப்போடே கிளைக்குத் திரும்பும்.

இதில் புதியவர்கள் தவறுவது காலை நேரத்தில். ஏழு, ஏழரைக்கு ஓணான் கருகருவென்று இருக்கும். அது கோபமும் இல்லை, காதலும் இல்லை, குளிர். தோலில் உள்ள கருநிறமி விரிந்து, வெயிலைச் சீக்கிரம் உள்வாங்குவதற்காக உடம்பு கறுக்கிறது. அடையாளம் சுலபம். சூட்டுக்கான கறுப்பு உடம்பெங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும், உடம்பை வெயிலுக்குச் சாய்த்து வைத்திருக்கும், தண்டால் இருக்காது. எதிரிக்கான நிறம் இடம் பார்த்து வரும்: தலை, தொண்டை, தோள். ஒன்பது மணிக்கு முந்தைய குறிப்புகளைத் தனித் தாளில் வைத்துக்கொள்வது நல்லது.

தேரிக்காடு:
வேலி ஓணான் பற்றிச் சொல்லியாச்சு, மணல்தரை ஓணானை விட்டுவிட்டீர்களே. விசிறித்தொண்டை ஓணான். தமிழ்நாட்டிலிருந்து 2016இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு அறிவியல் பெயரே 'சிட்டானா விசிறி'. நம் பனையோலை விசிறிதான். அதே ஆண்டு இன்னொன்றுக்கு 'சிட்டானா மருதம்நெய்தல்' என்று திணைப் பெயரையே வைத்தார்கள். லத்தீன் பட்டியலில் சங்கத் திணை உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு நிறைவு.

இங்கே நிறத்தைவிட விரிப்புதான் பேச்சு. ஆண் ஒரு சின்னக் கல்லின்மேல் ஏறி, முன்னுடம்பை நிமிர்த்தி, தொண்டையிலிருந்து வயிறு வரை போகும் மடிப்பை அடுத்தடுத்து விரித்து மூடும். தரைமட்டத்தில் உள்ள பிராணிக்குக் கல் ஒன்றுதான் மேடை. அந்த மேடையைத் தட்டிவிட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எனவே அதன் எல்லைக்குள் கல்லைப் புரட்டாதீர்கள். இந்தச் சிட்டானா வகைகளின் விசிறியில் வெண்மை தூக்கல். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா அருகே சால்கேவாடி பீடபூமியில் இருக்கும் 'சரடா சூப்பர்பா' வேறு ரகம்: நீலம், கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் ஒரே விசிறியில்.

வீடியோ எடுப்பவர்களுக்கு: நொடிக்கு 25 பிரேமில் எடுத்தால் விரிப்பு மங்கல் கோடாகத்தான் விழும். 120 வையுங்கள், ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 8 மில்லிநொடி, எண்ணலாம். வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். ஓணான் சிவக்கச் சிவக்க கேமரா அதைச் 'சரி' பண்ணிக்கொண்டே போகும், கடைசியில் மாறியது ஓணானா கேமராவா என்றே தெரியாது. அதே வெயிலில் சாம்பல் அட்டையை ஒரு முறை படமெடுத்துப் பூட்டிவிடுங்கள். சிவப்பும் ஆரஞ்சும் வெயிலில் எரிந்துபோகும், கேமராவில் ஒளியளவை (எக்ஸ்போஷர்) 2/3 படி குறைத்து எடுங்கள்.

வேலியோரம்:
அப்படியே பூட்டினாலும் ஒன்று மிச்சம். பல ஓணான்கள் புற ஊதாவையும் பார்க்கின்றன, நம் கேமரா பார்க்காது. படத்தில் 'மாற்றமே இல்லை' என்பது நமக்கு இல்லை என்பது மட்டும்தான்.

மழைக்காடு:
நிழல் அடர்ந்த காட்டில் அசைவு எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு போர்ட்டோ ரிக்கோவின் அனோல் ஓணான்கள் நல்ல உதாரணம். காற்றில் இலை ஆடும், வெளிச்சம் குறைவு, தலையாட்டல் அந்தக் கலவரத்தில் காணாமல் போய்விடும். அதனால் 'அனோலிஸ் குண்ட்லாகி' ஆண், முக்கியச் சேதிக்கு முன்னால் நான்கு காலிலும் படுவேகமாகச் சில தண்டால் போட்டுவிடுகிறது. கதவைத் தட்டிவிட்டுப் பேசுவது மாதிரி. இருட்டும் காற்றும் கூடும்போதுதான் இதை அதிகம் சேர்க்கிறது. இயந்திர ஓணான் ஒன்றைக் கிளையில் ஆடவிட்டுச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள்; முன்தட்டல் இருந்தபோது தூரத்து ஓணான் சீக்கிரம் திரும்பிப் பார்த்தது.

எனவே தண்டால் எண்ணும்போது காற்றையும் குறியுங்கள். இலை அசையவில்லை, இலை ஆடுகிறது, கிளை ஆடுகிறது என்று மூன்று நிலை போதும்.

புதியவர்:
ஒரு சந்தேகம் அண்ணே. பச்சோந்தியைப் பச்சை இலையில் விட்டால் பச்சை, காய்ந்த குச்சியில் விட்டால் பழுப்பு, இது உண்மையா?

பாறைமேடு:
இல்லை தம்பி. அரசியல் மேடைக்கு உதவும் உவமை அது. பச்சோந்தி சும்மா இருக்கும்போதே பச்சையாக இருப்பதால் இலையைப் பார்த்து மாறியது போலத் தோன்றுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியை ஆராய்ந்து 2015இல் சொன்னது இது: தோலில் ஒரு வகைச் செல்லுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக நின்று நீல ஒளியைத் திருப்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சை. எதிரி ஆணோ பெண்ணோ வந்து கிளர்ந்தால் இடைவெளி விரியும், திரும்பும் ஒளி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நகரும். புதுச் சாயம் எதுவும் ஊறவில்லை, அடுக்கின் இடைவெளிதான் மாறுகிறது. முழுதாக மாறச் சில நிமிடம் ஆகும்.

ஏமன் பக்கத்து முக்காட்டுப் பச்சோந்தியில் இன்னொரு கணக்கு. விலாக் கோடு பளிச்சென்று இருக்கும் ஆண் சண்டைக்கு நெருங்கி வரும், தலை பளிச்சென்று வேகமாக மாறும் ஆண் ஜெயிக்கும். தோற்பது கறுத்து ஒதுங்கும். ஆக கறுப்பு வேலி ஓணானுக்குக் காலைக் குளிர், பாறை ஓணானுக்குக் காதல், பச்சோந்திக்குச் சரணாகதி. 'கறுத்தால் கோபம்' என்று ஒரே விதி வைத்தால் மூன்றிலும் தப்பும்.

நம் காட்டுப் பச்சோந்தியைக் கையில் எடுத்துச் சோதிக்க நினைக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. எடுத்தாலும் உடம்பை ஊதிச் சீறிக் கறுக்கும், அது பிடிபட்ட பயம் மட்டும்தான். இரவில் பாருங்கள். தூங்கும்போது வெளிறிப்போவதால் டார்ச் வெளிச்சத்தில் குச்சி நுனியில் தனித்துத் தெரியும். இடத்தைக் குறித்துவிட்டுத் திரும்புங்கள், விடிந்ததும் தள்ளி உட்கார்ந்து தொடங்கலாம்.